மண்பானை ஆய்வுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையொன்றில் நான் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். எங்கள் நீரிழிவு கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலருடைய வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஈரமணல் இட்ட மண்பானைக்குள் இன்சுலின் குப்பியை வைத்துக் காக்கிறார்கள். “இது போதுமா, பிள்ளை?” என்று அவர்கள் கேட்கும்போது, “நிழலில் வையுங்கள் அம்மா” என்பதற்கு மேல் என்னிடம் பதில் இருந்ததில்லை. அந்தப் பதிலை நாங்களே தேடினோம். சென்ற மாதம் ஆய்வு முடிந்தது.

முதல் நன்றி, மாதம் இருமுறை மாங்குளத்தில் பஸ் மாறி எங்களிடம் வந்த பல்கலைக்கழக ஆசிரியைக்கு. அவர் எங்களுக்காக ஒரு வரியும் எழுதித் தரவில்லை. “பானை பாதுகாப்பானதா?” என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, “எத்தனை பாகை? எந்த நேரத்தில்? எத்தனை நாளுக்கு?” என்று ஓரத்தில் குறித்தார். திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். பாவனைக்கு எடுத்தது, வகையைப் பொறுத்து, 25 அல்லது 30 பாகைக்குள் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். இதை வகுப்பில் படித்திருந்தேன். ஒரு வீட்டின் அடுப்படியில் அளந்து பார்க்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

ஆய்வுத் திறனை மதிப்பிடுவது பற்றி ஜோ குக் என்ற பிரித்தானிய ஆய்வாளர் 2005இல் எழுதியதையும் அந்த ஆசிரியையே வாசிக்கத் தந்தார். தனியாள், குழு, நிறுவனம், அதற்கு அப்பாலுள்ள தொடர்புகள் என நான்கு தளங்களிலும் வளர்ச்சியைத் தேடச் சொல்கிறது அது. வெளிவந்த கட்டுரைகளை எண்ணுவதோடு நின்றால் போதாது. ஆய்வு அன்றாடப் பணிக்கு அருகில் நடந்ததா, நம்பிக்கை வளர்ந்ததா, கற்றது நிலைக்குமா என்றும் கேட்க வேண்டும். ஒருவர் மட்டும் பயிற்சி பெற்று இடமாற்றத்தில் போனால், திறனும் அவரோடு பஸ் ஏறிவிடும். வன்னியில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எங்கள் விண்ணப்பத்தை இருமுறை திருப்பி அனுப்பிய ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கும் மனமார்ந்த நன்றி. சம்மதப் படிவத்தின் மொழி கடினம் என்றார்கள். அது உண்மை என்பதை முதல் வீட்டிலேயே உணர்ந்தேன். “எத்தனை தரம் பதிந்து கொடுப்பது?” என்று கேட்டார் ஓர் அம்மா. 2009இல், போரால் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாமில் பெயர் கொடுத்தவர் அவர்; அதன் பின் வீட்டுக்கு, நிவாரணத்துக்கு, காணாமற்போன மகனுக்கு என்று எத்தனையோ படிவங்கள். எங்கள் பதிவேடுகளையும் முன்னர் சிலர் படியெடுத்துச் சென்றார்கள்; என்ன கண்டார்கள் என்று சொல்லத் திரும்பி வந்ததில்லை. ஆகவே அந்த அம்மாவிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன்: முடிவை முதலில் உங்களிடம்தான் சொல்வோம். படிவத்தில் அவர் கையெழுத்திட்டது அதன் பிறகுதான்.

என் கிளினிக் நாட்களில் கடமை மாறித் தந்த சகோதரிகளுக்கும், பொறுப்பு வைத்தியருக்கும், வெப்பமானிகளைத் தன் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோன சிற்றூழியர் அண்ணாவுக்கும் நன்றி. வாசிப்புகளைக் குறித்துவைத்த பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாளும் தவறவிடவில்லை.

வாக்குப்படி, முடிவைக் கிளினிக் மண்டபத்தில் வைத்துச் சொன்னோம். நண்பகலில் பானைக்குள் அறையைவிடக் குளிர்ச்சி இருந்தது. மணல் காய்ந்த வீடுகளில் அந்த வித்தியாசம் குறைந்தது. எல்லோரும் தலையசைத்தார்கள். அந்த அம்மா மட்டும் எழுந்தார். “நீங்கள் அளந்தது சோளகக் காற்று வீசிய வறண்ட மாதங்களில். மாரியில் பானை வியர்க்காதே, அப்போது எப்படி?” என்றார்.

காற்றில் ஈரம் கூடினால் ஆவியாதல் குறையும், குளிர்ச்சியும் குறையும். எங்களில் எவரும் கேட்காத கேள்வி அது. ஐப்பசியில் முதல் வெப்பமானி அவர் வீட்டுக்குப் போகிறது. இம்முறை ஆய்வை நடத்தப்போகிறவர் எங்கள் நோயாளர் விடுதியின் இளைய தாதி.

நன்றியுடன்,
தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்