குளிரவைத்தும் ஏன் குறைந்தது?

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மிணிக்கு,

ரோடியம் வினையூக்கியைக் கொண்டு நீ செய்யும் ஹைட்ரஜனேற்றத்தில், வெப்பநிலையைக் குறைத்தால் வேண்டிய இனன்சியோமர் (ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமான இரு மூலக்கூறு வடிவங்களில் ஒன்று) கூடுதலாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாக, அது குறைந்துபோனதாக எழுதியிருந்தாய். உன் கைவேலையில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் நடத்திவந்த பாடம் எட்டாத ஓர் இடத்தை உன் குடுவை எட்டியிருக்கிறது.

ஆடி பிம்பங்களான இரு இனன்சியோமர்களுக்கும் ஆற்றல் ஒன்றே என்பதால், எது நிலையானது என்று கேட்பதற்கே இடமில்லை. கைத்தன்மையற்ற, அதாவது இடக்கை வலக்கை போன்ற வேறுபாடு இல்லாத, பொருள்கள் மட்டும் இருக்கும் குடுவையில் இரண்டுக்கும் கடக்க வேண்டிய தடையான கிளர்வு ஆற்றலும் ஒன்றே. கிடைப்பது சரிபாதியான சுழிமாய்க் கலவை. கைத்தன்மை உள்ள வினையூக்கி சேர்ந்ததும், அதனுடன் உருவாகும் இரு இடைநிலைகளும் (தடையின் உச்சியில் உள்ள நிலைகள்) ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமாக இருப்பதில்லை, ஆகவே அவற்றின் ஆற்றலும் வேறுபட்டுவிடுகிறது. நம் ஈரோட்டு மஞ்சளின் எண்ணெயில் உள்ள ஆர்-டர்மெரோன் ஒரு கை வடிவத்தில் இருப்பதும் இதனால்தான். அதைக் கட்டும் நொதிகளே எல் வகை என்னும் ஒரே கை வடிவ அமினோ அமிலங்களால் ஆனவை. (எல்லோரும் புகழும் குர்குமினுக்கோ கைத்தன்மையே கிடையாது.)

தேவைப்படும் வேறுபாடு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. 25 டிகிரி செல்சியஸில் இரு தடைகளுக்கும் இடையே மோலுக்கு 5.7 கிலோஜூல் வேறுபாடு இருந்தால் விளைபொருள்கள் 10க்கு 1 என்று பிரியும், 11.4 ஆனால் 100க்கு 1. நீரில் உள்ள ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமைகூட இதைவிட அதிகம். அந்த 5.7 மாறாதிருக்க, உலர்பனித் தொட்டியில் −78 டிகிரிக்குக் குளிரவைத்தால் விகிதம் ஏறத்தாழ 33க்கு 1 ஆகும். எல்லோரும் குளிரவைப்பதன் காரணம் இந்தக் கணக்குத்தான், நீயும் அதை நம்பித்தான் செய்தாய்.

ஆனால் பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா மருந்தைத் தயாரிக்க வேதியியலாளர் வில்லியம் நோல்ஸ் உருவாக்கிய வகையிலான ரோடியம் வினைகளை 1980களில் ஆராய்ந்த ஜாக் ஹால்பெர்ன் குழுவினர், எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். வினைபடுபொருள் ரோடியத்தோடு இரு விதமாகப் பிணைந்து இரண்டு அணைவுகளை (உலோகத்தோடு சேர்ந்த கூட்டுகளை) தருகிறது. அவற்றுள் நிலையானதும் கரைசலில் மிகுந்திருப்பதுமான அணைவு சிறுபான்மை விளைபொருளையே தருகிறது. அரிதாக இருக்கும் மற்றது ஹைட்ரஜனோடு மிக விரைவாக வினைபுரிவதால், பெரும்பான்மை விளைபொருள் அதன் வழியாகவே வருகிறது. வினையூக்கியின் பள்ளத்தில் எது பொருந்தி உட்காருகிறதோ அதுவே வெல்லும் என்று பல நூல்கள் வரைந்துகாட்டும் படத்தை நான் அவ்வளவாக நம்பாததற்கு இதுவே காரணம்.

மலையேறி மைசூர்ப் பக்கம் போகிறவர்களில் பலர் அந்தியூரிலும் சிலர் சத்தியமங்கலத்திலும் தங்கியிருக்க, பர்கூர் ஏற்றத்தைவிடத் திம்பம் ஏற்றம் மிக எளிது என்று வைத்துக்கொள் (லாரி ஓட்டுபவர்கள் இதை ஒப்பமாட்டார்கள்). அடிவாரத்தில் இரண்டு ஊருக்கும் இடையே தடையின்றிப் போய்வர முடியுமானால், அந்தியூரில் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் பெரும்பாலோர் திம்பம் வழியாகத்தான் மேலே போயிருப்பார்கள்.

அந்தப் போக்குவரத்துத்தான் உன் கேள்விக்கு விடையாகலாம் என்று நினைக்கிறேன். இரு அணைவுகளும் ஒன்று மற்றொன்றாக மாறும் வேகம், ஹைட்ரஜன் வந்து சேரும் வேகத்தைவிட மிக அதிகமாக இருக்கும்வரைதான் தடைகளின் வேறுபாடு முடிவைத் தீர்மானிக்கும். குளிரில் அந்த மாற்றம் மந்தமாகிவிட்டால், மிகுந்திருக்கும் அணைவு மாற நேரமின்றித் தான் இருந்த இடத்திலிருந்தே வினைபுரிந்து, வேண்டாத வடிவத்தைக் கூட்டிவிடும். ஹைட்ரஜன் அழுத்தத்தை ஏற்றினாலும் விளைவு இதுவே; ஹால்பெர்ன் குழுவினர் இரண்டையும் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே வெப்பநிலையை முன்போலவே வைத்து, அழுத்தத்தை மட்டும் குறைத்து ஒரு முறை செய்து பார். தேர்திறன் (வேண்டிய வடிவத்தின் பங்கு) உயர்ந்தால் காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அசையாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். கலக்கும் வேகத்தையும் குறிப்பேட்டில் எழுதிவை, ஏனெனில் மெதுவாகக் கலக்கினால் கரைசலுக்குள் போய்ச் சேரும் ஹைட்ரஜன், அழுத்தமானி காட்டுவதற்கு ஏற்ற அளவில் இருக்காது. முடிவு வந்ததும் எழுது.

அன்புடன்,
அப்பா