எங்கள் வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை: ஷீரர் காட்டேஜோடு ஒரு வருடம்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டம் எதுவும் தவறவில்லை, பனிக்காலத்தில் மட்டும் ஜூமில் நடத்தினோம். இந்த வருடம் நம்மைப் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வீடுதான், ஒரு கறுப்பினக் குடும்பம் விருந்தினர் இல்லமாக நடத்திய ஷீரர் காட்டேஜ், அதனால் அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

தொடங்கியது க்ரீன் புக்கில். அமெரிக்காவில் கறுப்பினப் பயணிகள் எந்த ஊரில் நம்பித் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் வெளியிட்ட கையேடு அது. அதில் நம் மாசசூசெட்ஸ் முகவரிகளும் இருப்பதைப் பார்த்து ஓர் உறுப்பினர், "இந்தக் கொடுமையெல்லாம் தெற்கில்தானே, இங்கே எதற்கு?" என்று கேட்டார். நானும் அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் விடுதிகளில் நிறம் பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது என்று நாட்டிலேயே முதலில், 1865-லேயே, சட்டம் போட்டது இந்த மாநிலம். சட்டம் வந்து எத்தனையோ வருடம் கழித்தும் கோடை விடுமுறைக்கு வரும் கறுப்பினக் குடும்பத்துக்கு அறை கிடைப்பது அரிதாகவே இருந்தது. அறை காலி இல்லை என்று சொல்லிவிட்டால் போதுமே, வாசலில் பலகை மாட்ட வேண்டியதில்லை.

ஜூனில் வுட்ஸ் ஹோலில் படகேறி மார்த்தாஸ் வின்யார்ட் தீவின் ஓக் பிளஃப்ஸுக்குப் போனோம். ஷீரர் காட்டேஜை வெளியில் நின்றுதான் பார்த்தோம், அதுவே போதுமானதாக இருந்தது. சார்ல்ஸ் ஷீரர் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு கறுப்பினத்தவருக்கான ஹாம்டன் கல்லூரியில் படித்து, பாஸ்டனுக்கு வந்து, பெரிய ஹோட்டல்களில் தலைமைப் பரிமாறுநராக வேலை பார்த்தார். பாப்டிஸ்டு கூட்டங்களுக்காகத் தீவுக்கு வந்துபோன அவரும் மனைவி ஹென்ரியட்டாவும் 1903-இல் அங்கே வீடு வாங்கினார்கள். ஹென்ரியட்டா அங்கே சலவைத் தொழில் தொடங்கி, கோடைக்கு வரும் வசதியான வெள்ளையர்களின் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அப்புறம்தான், 1912-இல், விருந்தினர் இல்லம். அந்த வீட்டு வாசலில் நின்றபோது என் மனதில் ஓடியதெல்லாம் அந்தச் சலவைதான், ஏனென்றால் அழுக்குத் துணியை இவர்களிடம் தயங்காமல் கொடுத்த ஊரில்தான் இவர்களைப் போன்றவர்களுக்குப் படுக்க ஒரு கட்டில் கிடைக்காமல் இருந்தது.

தங்கிப்போனவர்கள் யார் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது: கறுப்பினத்தவரின் ஆன்மிகப் பாடல்களைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த ஹாரி பர்லி, ஹார்லெம் அபிசீனியன் பாப்டிஸ்டு தேவாலயத்தின் போதகர் ஆடம் கிளேட்டன் பவல் சீனியர், பாடகர்கள் பால் ராப்சன், எத்தெல் வாட்டர்ஸ். பர்லி வருடா வருடம் வந்தார். உலகம் கை தட்டிய குரல்களுக்கும் இரவு தங்க இந்த மாதிரி ஒரு குடும்பத்தின் வீடுதான் வேண்டியிருந்தது. 1917-இல் ஹென்ரியட்டா இறந்த பிறகு மகள்கள் பொறுப்பேற்றார்கள், அடுத்து பேத்திகள். பிரபலங்களின் பட்டியலை எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் விரிப்பு மாற்றி, சமைத்து, கணக்கு பார்த்து வீட்டை நூறு வருடம் தாண்டியும் குடும்பத்தின் கையிலேயே வைத்திருந்த பெண்களைப் பற்றித்தான் நம் வட்டம் இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் கருத்து.

விடுதிகளில் பாகுபாட்டை நாடு முழுவதும் தடை செய்த சட்டம் 1964-இல் வந்தது. அதற்குப் பிறகும் இதுபோன்ற சில இல்லங்கள் ஓடின. மெய்ன் மாநிலத்தில் கிட்டரி பாயிண்டில் ஹேசல், கிளேட்டன் சின்கிளேர் தம்பதி நடத்திய ராக் ரெஸ்ட் 1970-கள் வரை இருந்தது. அந்த இல்லத்தின் ஆவணங்கள் நியூ ஹாம்ஷயர் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அடுத்த வருடப் பயணம் அங்கே என்று செயற்குழுவில் முடிவாகியிருக்கிறது. நூலகத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், அதனால் வர விரும்புகிறவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் என்னிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். வேனில் இடம் குறைவு.

செயலாளர்