காக்பிட்டை வரையும் முன் விமானியை அளந்துவிடுங்கள்

இந்தியாவின் புதிய ஆம்கா (AMCA) போர்விமானத்தை வடிவமைக்கும் பெங்களூரு குழுவினருக்கு,

வணக்கம். ஆம்காவின் இன்ஜின் பற்றியும், ரேடாரில் சிக்காத அதன் உடலமைப்பு பற்றியும் நிறையப் பேச்சு நடக்கிறது. விமானி உட்காரப்போகும் இடமான காக்பிட்டைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, நல்லபடியாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு உரசி விழுந்தன. ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் தகட்டை) மடக்குவதாக நினைத்து விமானி சக்கரத்தை மடக்கியிருப்பார். 'விமானியின் தவறு' என்றார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் பார்த்தார்: இரண்டு சுவிட்சுகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி! ஒன்றின் முனையில் குட்டிச் சக்கரமும் மற்றதில் ஆப்பு வடிவமும் பொருத்தச் சொன்னார். பார்க்காமலே, தொட்டதும் கைக்குத் தெரிந்துவிடும்.

1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. காக்பிட்டுக்கு முக்கியமான 10 அளவுகளிலும் சராசரிக்கு அருகில் இருந்தவர் ஒருவர்கூட இல்லை என்று அந்த அளவுகளை ஆராய்ந்த கில்பர்ட் டேனியல்ஸ் காட்டினார். சராசரி ஆளுக்கென்று வரைந்த காக்பிட் யாருக்கும் சரியாகப் பொருந்தாது என்றுதானே அர்த்தம்!

இவ்வளவும் தெரிந்த நாடே தன் எஃப்-35 போர்விமானத்தில் சறுக்கியது. 2015இல், 136 பவுண்டுக்கு, அதாவது சுமார் 62 கிலோவுக்குக் குறைவான விமானிகள் அதை ஓட்டக் கூடாது என்று தடை வந்தது. ஹெல்மெட்டோ கனம், ஆபத்தில் தப்பிக்க இருக்கையோடு வெளியே வீசப்படும்போது மெலிந்தவரின் கழுத்து முறியும் ஆபத்து. ஹெல்மெட்டின் எடையைக் குறைத்து, இருக்கையிலும் மாற்றங்கள் செய்த பிறகு 2017இல்தான் தடை நீங்கியது.

நம் விமானப்படையில் 2016 முதல் பெண்களும் போர்விமானம் ஓட்டுகிறார்கள். 62 கிலோவுக்குக் கீழே இருப்பது நம் ஊரில் ஆணுக்கும் சாதாரணம்தான். வெளிநாட்டு அளவுப் பட்டியலை நம்பிவிடாதீர்கள். விமானப்படையின் விமான, விண்வெளி மருத்துவ நிறுவனம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது; அவர்களோடு உட்கார்ந்து நம் ஆண், பெண் விமானிகளின் அளவுகளை வைத்து வரையுங்கள். மிகக் குள்ளமானவரையும் மிக உயரமானவரையும் ஜி-சூட் (வேகமான திருப்பங்களின் அழுத்தத்தைத் தாங்க உதவும் உடை), ஹெல்மெட், கையுறையோடு மாதிரிக் காக்பிட்டில் உட்காரவைத்து, வார்களை இறுக்கிய பிறகு எல்லா சுவிட்சும் எட்டுகிறதா என்று பாருங்கள். பெரிய தொடுதிரை வைப்பதானால், சண்டையின் நடுவே தேவைப்படுபவற்றுக்குக் கையில் தட்டுப்படும் பொத்தான்களும் இருக்கட்டும். 9 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு விசை அழுத்தும் திருப்பத்தில் கை ஒன்பது மடங்கு கனக்கும்; அப்போது திரையில் விரல் சரியான இடத்தில் படாது.

அப்புறம், விமானியை வெளியே வீசும் இருக்கையின் சோதனையை எந்தக் குறைந்தபட்ச எடை வரை செய்யப்போகிறீர்கள் என்பதை முதல் ஆம்கா பறப்பதற்கு முன்பே பொதுவில் அறிவியுங்கள்.

அன்புடன்,
வரி கட்டும் ஒரு குடிமகன்