பாடி டெக்ஸ்டுக்கு எந்த செரிஃப் ஃபாண்ட்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்திரிகை டிசைன் பண்றவங்க நிறைய பேர் பாடி டெக்ஸ்டுக்கு, அதாவது தலைப்புக்கு கீழ வர்ற செய்தி எழுத்துக்கு, செரிஃப் ஃபாண்ட (கோட்டோட முனைல சின்னதா கால் மாதிரி வச்ச எழுத்து வகை) ஸ்க்ரீன்ல பெருசா ஜூம் பண்ணி பாத்துட்டு, அழகா இருக்கேன்னு செலக்ட் பண்ணிடுறாங்க, அச்சுல வந்தப்புறம் படிக்கிறவங்க கண்ணு வலிக்குதுன்னு சொல்றாங்க. அதனாலதான் இத எழுதுறேன்.

போடோனிங்கற செரிஃப் ஃபாண்ட எடுத்துக்கோங்க. தலைப்புல போட்டா அவ்ளோ எடுப்பா இருக்கும், தடிச்ச கோட்ட ஒட்டியே மயிரிழை மாதிரி மெல்லிசு கோடு. அதையே 9 பாயிண்ட்னு சின்ன சைஸ்ல நியூஸ்பிரிண்ட்ல (செய்தித்தாள் அடிக்கிற காகிதம்) அடிச்சா அந்த மெல்லிசு கோடு அங்கங்க விட்டுப்போயிடும், இங்கிலீஷ் சின்ன 'e'யோட நடுக்கோடு போச்சுன்னா அது 'c' மாதிரி தெரியும். இன்னொரு பக்கம் இங்க் பரவி எழுத்துக்குள்ள இருக்குற வெள்ளை இடமும் அடைஞ்சிடும். அச்சு எழுத்து கோக்குற மிஷின் செஞ்ச லினோடைப் கம்பெனி 1931ல எக்ஸெல்சியர் ஃபாண்ட கொண்டு வந்ததே இந்த பிரச்சனைக்குத்தான், உள் இடத்த நல்லா திறந்து விட்டு, தடிமன் வித்தியாசத்த குறைச்சிருப்பாங்க.

டைம்ஸ் நியூ ரோமன் கதையும் இதான் சொல்லுது. லண்டன் டைம்ஸ் பேப்பருக்குன்னே ஸ்டான்லி மோரிசன் மேற்பார்வைல செஞ்சு 1932ல வந்த ஃபாண்ட் அது. ஆனா 1972ல அதே பேப்பர் டைம்ஸ் யூரோப்பாங்கற வேற ஃபாண்டுக்கு மாறிடுச்சு, ஏன்னா மிஷின் வேகமாச்சு, காகிதம் மட்டமாச்சு, இன்னும் உறுதியான எழுத்து தேவைப்பட்டுச்சு. ஸ்க்ரீன் வேற கணக்கு, அதுக்குன்னு மேத்யூ கார்ட்டர் வரைஞ்ச ஜார்ஜியா இன்னைக்கும் சின்ன சைஸ்ல தெளிவா நிக்குது. அச்சுக்கும் வெப்சைட்டுக்கும் ஒரே ஃபாண்ட்தான் இருக்கணும்னு ஒன்னும் கட்டாயம் இல்ல.

தமிழ்ல இன்னும் கவனமா இருக்கணும்ங்க. ண, ணை, ஞ எல்லாம் உள்ளுக்குள்ளயே சுழிஞ்சு சுழிஞ்சு போற எழுத்து, தடிமன் கொஞ்சம் கூடினாலும் சுழி அடைஞ்சு ண எது ன எதுன்னு உத்து பாக்க வேண்டியிருக்கு. மெய்யெழுத்து மேல இருக்குற புள்ளி சின்னதா இருந்தா அச்சுல காணாமப் போயிடும், 'பட்டம்' வந்து 'படடம்'னு நிக்கும். மேல புள்ளியும் கி, கீ மாதிரி எழுத்தோட வளைவும் கீழ கு, ழு வாலும் இருக்குறதால வரி இடைவெளியும் இங்கிலீஷ விட கொஞ்சம் தாராளமா வேணும், அத விட்டுட்டு ஃபாண்ட மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல.

ஒரே செய்திய ரெண்டு மூணு ஃபாண்ட்ல, அதே சைஸ், அதே பத்தி (column) அகலத்துல, பேப்பர் ஓடுற மிஷின்லயே அடிச்சு, வயசானவங்க கைல குடுத்து முழுசா படிக்க சொல்லுங்க. லேசர் பிரிண்டர்ல எடுத்து பாத்து முடிவு பண்ணாதீங்க, அந்த வழுவழு வெள்ளை காகிதத்துல எல்லா ஃபாண்டும் நல்லாத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்