மதினிக்கு, ஆபரேஷன் தேதிக்கு முன்னால்

அன்புள்ள மதினி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரி மதினி, பார்த்துக்குங்க" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. நேரில் பேசலாம் என்றால் அண்ணன் இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள், பேச்சு பாதியிலேயே சாப்பாட்டுக்குப் போய்விடும். அதனால் எழுதுகிறேன். பொதுவில் போடட்டுமா என்று நேற்று கேட்டதற்கு, "பேரைப் போடாம போடு, நம்ம ஜீப்பில வர்றவளுகளும் படிக்கட்டும்" என்றீர்கள். பேரைப் போடவில்லை.

உங்களுக்கு 34 வயது. ஐந்து வருஷமாக அடிவயிற்றில் வலி. ஸ்கேன் எடுத்தார்கள். "ஸ்கேன்ல ஒன்னும் இல்லம்மா" என்றார் டாக்டர். பிறகு அதே டாக்டர், "ரெண்டு பிள்ளைங்க ஆச்சுல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம், நிம்மதியா இருக்கலாம்" என்று அடுத்த மாதம் ஒரு தேதியும் கொடுத்துவிட்டார். ஒன்றும் இல்லை என்றால் எதை எடுக்கப் போகிறார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் எனக்கு உறுத்தல்.

எனக்கு வலி இருந்தது உங்களுக்குத் தெரியும். முழுக்கதை தெரியாது. 26 வயதில் தொடங்கியது. குமுளியில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதும் வேலை, எட்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் உட்கார்ந்த இடத்தில் யாரோ உள்ளே கைவிட்டு முறுக்குகிற மாதிரி இருக்கும். நின்றால் கொஞ்சம் தேவலை. சாயங்காலம் கூடலூர் பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் லோயர் கேம்ப் வரைக்கும் நின்றுகொண்டே வருவேன். "உனக்கு சீட்டே பிடிக்காதாம்மா" என்று கண்டக்டர் கிண்டல் செய்வார். மூன்று ஸ்கேன், ரெண்டு தடவை யூரின் கல்ச்சர், டிபி இருக்குமோ என்று ஒரு சோதனை. (சிரிக்காதீர்கள். நம் நாட்டில் சளி, இருமல் எதுவும் இல்லாமல் கர்ப்பப்பையிலும் கருக்குழாயிலும் டிபி வருவதுண்டு. அது இல்லை என்று தெரிந்துகொண்டதும் ஒரு லாபம்தான்.) எல்லாம் நார்மல். ஒவ்வொரு தடவையும் "ஒன்னும் இல்லை". கடைசியில் ஒருத்தர், "கல்யாணம் பண்ணிக்கோ, சரியாயிடும்" என்றார். பண்ணிக்கொண்டேன். அந்த விஷயத்தில் வலி இன்னும் கூடியது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

நமக்கு இதைச் சொல்ல வார்த்தையே இல்லை மதினி. தொப்புளுக்குக் கீழே எங்கே வலித்தாலும் "அடிவயிறு", அதற்கும் கீழே என்றால் "இடுப்பு", அதற்கும் கீழே என்றால் வாயை மூடிக்கொள்கிறோம். கர்ப்பப்பை, சினைப்பை, மூத்திரப்பை, குடல், தசை, நரம்பு என்று அத்தனையும் அந்த ஒரு சாண் இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. அதில் எது கத்துகிறது என்று சொல்லத் தெரியாமல் "அடிவயிறு வலிக்குது டாக்டர்" என்போம். அவரும் உடனே ஸ்கேனுக்கு எழுதிவிடுவார்.

கோட்டயம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனது இந்த வார்த்தைச் சிக்கலை இன்னும் நன்றாகக் காட்டியது. குமுளியில் எல்லோருக்கும் தமிழ் வரும், அங்கே அப்படி இல்லை. "வலி, ரொம்ப வலிக்குது" என்றேன். அந்த நர்ஸ் என் நெஞ்சைப் பார்த்து, எத்தனை நாளாய் மூச்சிழுப்பு என்று மலையாளத்தில் கேட்டார். அவர்களுக்கு வலி என்றால் இழுப்பது, வலிவு என்றால் வீசிங். பிறகு புரிந்துகொண்டு, "வேதனயாணோ?" என்றார். நம் வலிக்கு அவர்கள் வைத்திருக்கிற சொல் வேதன. அவர் கேட்டதோ வெறும் வலியைத்தான். ஒன்பது வருஷத்தில் ஒருத்தர்கூட என்னிடம் வேதனையா என்று கேட்டதில்லையே என்று நினைத்து, அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அங்கே இருந்த டாக்டரம்மா ஸ்கேன் பேப்பரை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் பேசினார். உட்கார்ந்தால் கூடுகிறதா, மூத்திரப்பை நிறைந்தால் கூடுகிறதா, போன பிறகு குறைகிறதா, மலம் கழிக்கும்போது எப்படி, தூரத்துக்கு, அதாவது மாதவிலக்குக்கு, எத்தனை நாள் முன்னால் தொடங்குகிறது, கணவரோடு சேரும்போது வாசலில் வலிக்கிறதா, ஆழத்தில் வலிக்கிறதா. வாசலா ஆழமா என்று ரெண்டு வகை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறகு படுக்க வைத்து, வலிக்கிற இடத்தில் ஒரு விரலை அழுத்தி, தலையை மட்டும் தூக்கச் சொன்னார். தலையைத் தூக்கினால் வயிற்றுச் சுவர் இறுகும். அப்போது வலி கூடினால் கோளாறு பெரும்பாலும் சுவரில், குறைந்தால் உள்ளே. கார்னெட் என்ற அமெரிக்க டாக்டர் 1926இல் எழுதிவைத்த சோதனை இது. மெஷின் வேண்டாம், ஒரு விரல் போதும். இதற்கு முன்னால் பார்த்த யாரும் இதைச் செய்யவில்லை.

எனக்கு உள்ளே என்று வந்தது. அப்புறம் உள்பரிசோதனை, அதுவும் மெதுவாக, ஒரே விரலால். ஒரு இடத்தைத் தொட்டதும் என் உடம்பே துள்ளியது. "இந்த வேதனதானே?" என்றார். ஒன்பது வருஷமாக மத்தியானத்துக்கு மத்தியானம் வருகிற அதே வலி! அது கர்ப்பப்பை இல்லையாம். இடுப்புக்குழியின் அடியில் தூளித்துணி மாதிரி கட்டித் தாங்குகிற தசைகள் உண்டு. அவை எனக்கு இறுகிப்போய், விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தன. வழக்கமாக எடுக்கிற வயிற்று ஸ்கேனில் அந்த இறுக்கம் தெரியாது.

ஏன் இறுகின என்று கேட்டேன். "முழுசா எனக்குத் தெரியலை" என்றார். எனக்கு அப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? "ஒன்னும் இல்லை" என்றால் உனக்கு வலியே இல்லை, மனசுதான் என்று சொல்லி அனுப்புவது. "தெரியலை" என்றவர், வலி இருக்கிறது, காரணம்தான் இன்னும் பிடிபடவில்லை என்கிறார். உலக சுகாதார நிறுவனம்கூட நோய்களை வகைப்படுத்தும் தன் புதிய பட்டியலில் நாள்பட்ட வலியையே ஒரு நோயாகச் சேர்த்திருக்கிறது, வேறு காரணம் பிடிபடாவிட்டாலும். 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். உங்களுக்கும் தசைதான் என்று நான் சொல்லவில்லை. நான் கணக்கு எழுதுகிறவள். ஆனால் நீங்கள் விடியக்காலை ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறிப் போய், நாள் முழுக்க ஏலச்செடி தூரில் குனிந்தும் குத்தவைத்தும் காய் எடுக்கிறீர்கள். தோட்டத்தில் ஒதுங்க இடம் இல்லை என்று தண்ணீரே குடிப்பதில்லை, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் போகிறீர்கள். இதையெல்லாம் அந்த டாக்டரிடம் சொன்னீர்களா? அவர் கேட்டாரா? மூத்திரப்பையாக இருக்கலாம், தசையாக இருக்கலாம். தூரத்தோடு சேர்ந்து கூடுகிறது என்றீர்களே, அது எண்டோமெட்ரியோசிஸாகவும் இருக்கலாம். கர்ப்பப்பையின் உள்தோலைப் போன்ற திசு வெளியே, குடல் மேலும் சினைப்பை மேலும் வளர்கிற நோய். பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களில் பத்தில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கு. உங்கள் ஜீப்பில் பன்னிரண்டு, பதினைந்து பேரைத் திணிக்கிறார்களே, அதில் ஒருத்திக்காவது இருந்தால் ஆச்சரியமில்லை. மேலோட்டமாகப் படர்ந்தது சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது, அதனால் ஸ்கேன் நார்மல் என்றாலும் அது இல்லை என்று ஆகாது. மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது, செய்வார்கள்.

இதில் எதுவாக இருந்தாலும், கோளாறு கர்ப்பப்பைக்கு வெளியே இருந்தால் கர்ப்பப்பையை எடுத்த பிறகும் வலி அப்படியே இருக்கலாம். எடுத்தாக வேண்டிய நோய்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. அடினோமயோசிஸ் மாதிரி கர்ப்பப்பைச் சுவரிலேயே கோளாறு என்றால் எடுத்தவர்களுக்கு நிஜமாகவே விடுதலைதான். ஆனால் எது என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள்: சினைப்பையையும் சேர்த்து எடுக்கப் போகிறார்களா? ரெண்டு பக்கமும் எடுத்துவிட்டால் 34 வயதிலேயே தூரம் நின்ற உடம்பாகிவிடும். எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதில்லை. மூட்டை சுமக்கிறவர் நீங்கள்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன விஷயம். அதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023இல் உத்தரவிட்டார்கள். இந்தத் தொந்தரவில் அதிகம் மாட்டியது ஏழைப் பெண்கள்தான்.

எனக்கு இப்போது எப்படி என்று கேட்பீர்கள். முழுக்கப் போகவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மூச்சை வயிற்றுக்குள் விட்டு அந்தத் தசையைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தார். யூடியூபைப் பார்த்து ஒரு வருஷம் நானாகச் செய்த கீகல் பயிற்சி தப்பாம், ஏற்கெனவே இறுகியதை இன்னும் இறுக்குகிற வேலை அது. இப்போது ரெண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடிகிறது. மழைக்காலத்தில், கடையில் வேலை நெருக்கும்போது, பழையபடி வரும். வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு கணக்கு எழுதுவேன். முதலாளிக்குப் பழகிவிட்டது.

தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள், ரத்து செய்ய வேண்டாம். இன்றைக்கே பாப்பாவின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பியுங்கள். எத்தனை மணிக்கு, எங்கே, பத்துக்கு எத்தனை, அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், தூரம் எந்த நாள். என் நோட்டைப் பார்த்துத்தான் அந்த டாக்டரம்மா முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். வெறுங்கையோடு போயிருந்தால் அஞ்சு நிமிஷம்தான்.

வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் எனக்கு லீவு. கங்காணியிடம் அன்றைக்கு வரமுடியாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். குமுளியிலிருந்து கோட்டயம் நாலு மணி நேரம், பீர்மேட்டுக்குக் கீழே வளைவு ஜாஸ்தி, அதனால் முன்சீட்டில் இடம் போட்டு வைக்கிறேன். ரெண்டு பேருக்கும் முடியாவிட்டால் நின்றுகொண்டு போவோம். அண்ணன் வருகிறேன் என்றால் வரட்டும், ஆனால் டாக்டர் ரூமுக்கு வெளியே இருக்கட்டும், அந்த வாசல், ஆழம் கேள்வி வரும்போது நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். பழைய ஸ்கேன், யூரின் ரிசல்ட், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் மதினி, வழியில் எங்கெங்கே பாத்ரூம் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம்.

உங்கள்,
கூடலூர் நாத்தனார்