ஆண்கள் ஐக்கியம்: இந்த வாரக் கூடுகை வெள்ளி இரவு

சகோதரர்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். குறுவை அறுப்பு நடப்பதால் ஞாயிறு மாலைக் கூடுகையை வெள்ளி இரவு 8 மணிக்கு மாற்றியிருக்கிறோம். இடம் அதே ஆலய வராந்தாதான்.

பேசப்போவது குடும்ப ஜெபம். எபேசியர் 5-ஆம் அதிகாரத்தில் 22-ஆம் வசனம் நம்மில் பலருக்கு மனப்பாடம். புருஷனுக்குக் கீழ்ப்படியச் சொல்கிற அது, மனைவிக்குச் சொல்லிக்காட்டத் தோதான வசனம் ஆயிற்றே! 25-ஐ யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல் மனைவியிடம் அன்பாயிருக்கும்படி அது புருஷனுக்குச் சொல்கிறது. இந்த முறை அதில்தான் உட்காரப்போகிறோம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் நெல், ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதலில் திரும்பி வந்தது. அந்த எரிச்சலோடுதான் ஜெபத்தில் உட்கார்ந்தேன்; கண்ணெல்லாம் கைபேசியில், மழைச் செய்தி மேல். சின்னவள் வேதம் வாசித்து முடித்துவிட்டு, "அப்பா, ஆமென் சொல்லுங்க" என்றாள். என்ன வாசித்தாள் என்றே தெரியவில்லை. அப்புறம் மறுபடி வாசிக்கச் சொன்னேன். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் வந்திறங்கிய தரங்கம்பாடி நமக்குப் பக்கத்து ஊர். 1715-இல் அங்கே அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். வீட்டில் அதைத் திறப்பது பெரும்பாலும் அம்மாக்கள்தான்.

சரி, வரும்போது வேதாகமம் கொண்டுவாருங்கள். கைபேசியில் இருப்பது வேண்டாம். டீ, சுண்டல் நாமே போடுகிறோம், வீட்டுப் பெண்கள் தலையில் கட்ட வேண்டாம். கடலை ஊறவைக்க ஒருவர் வியாழக்கிழமைக்குள் பெயர் கொடுங்கள்.