நிறத்தை எழுதுகிறீர்கள், துணியை எழுதுவதில்லை: அலுவலக உடை விதி வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

உடை விதி வகுக்கும் மனிதவள அலுவலர்களுக்கும் சீருடை வாங்கும் கொள்முதல் குழுவினருக்கும் வணக்கம்.

கோட், பேன்ட் வெட்டித் தைப்பதும், பழுதாகி வருவதைப் பிரித்துச் சரிசெய்வதும் எங்கள் தொழில். நீங்கள் அனுப்பும் ஆர்டரில் நிறம் இருக்கிறது, பட்டன் எத்தனை என்று இருக்கிறது, சின்னம் எந்தப் பக்கம் என்பதுகூட இருக்கிறது. துணி என்ற இடத்தில் மட்டும் "நல்ல தரம்" என்ற இரண்டு சொல். அந்த இடைவெளியில்தான் ஆக விலை குறைந்த முழுப் பாலியஸ்டர் நுழைந்துவிடுகிறது. போட்டவர்கள் புழுங்கித் தவித்துப் புகார் சொன்னதும், செயற்கை இழையே ஆகாது என்று ஒரு சாரார் முடிவுகட்டுகிறீர்கள். மறு சாரார் அதே துணியை வேறு நிறத்தில் வாங்குகிறீர்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாலியஸ்டர் கலந்த துணி அலுவலகத்துக்குத் தாராளமாகப் பொருந்தும். முழுப் பாலியஸ்டர், அதுவும் பாலியஸ்டர் லைனிங்கோடு (உள்ளே வைத்துத் தைக்கும் துணி) சேர்ந்தால், நாள் முழுக்கப் போட்டிருக்க ஏற்றதல்ல.

காரணம் ஈரம். 20 டிகிரி வெப்பத்தில், காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது, கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவீத ஈரத்தை உள்வாங்கி வைத்திருக்கும். விஸ்கோஸ் 11 முதல் 13, பருத்தி சுமார் 8. பாலியஸ்டர் வெறும் 0.4. வியர்வை ஆவியை அது வாங்கிக்கொள்ளாது; சட்டைக்கும் கோட்டுக்கும் நடுவிலேயே அந்த ஆவி தேங்கும். உடம்பின் எண்ணெய்ப் பசையோ பாலியஸ்டரில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். சலவை முடிந்து வரும்போது மணமாக இருக்கும் கோட், அக்குள் சூடேறியதும் பழைய நாற்றத்தைக் காட்டுவது இதனால்தான். போட்டவர் சுத்தமில்லாதவர் என்று அவரைக் குறை சொல்வது அநியாயம்.

விஸ்கோஸும் ஆலையில் செய்யும் இழைதான். ஆனால் மரக்கூழிலிருந்து வருவது, ஈரத்தை வாங்கும். "செயற்கை இழை கூடாது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அதையும் சேர்த்துத் தள்ளிவிடுவீர்கள்.

இனி, யாரும் கேட்காத லைனிங். நல்ல கம்பளிக் கலவையை வெளியே வைத்து, உள்ளே முழுக்கப் பாலியஸ்டர் டஃபெட்டா (நெருக்கமாக நெய்த மெல்லிய துணி) போட்டால், கம்பளிக்குக் கொடுத்த பணம் வீண். உடம்பின் பக்கம் இருப்பது லைனிங்தானே. விஸ்கோஸ் அல்லது குப்ரோ (பருத்திக் கழிவிலிருந்து செய்யும் இழை) லைனிங் என்று எழுதிக் கேளுங்கள். வெப்பமான இடமென்றால் பாதி லைனிங் போதும்: முன்பக்கம் முழுக்க, முதுகில் தோள்பட்டை எலும்பு வரை. கைக்கு மட்டும் லைனிங் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் சட்டைக்கை கோட்டுக்குள் வழுக்கிப் போகாது, போடும்போதெல்லாம் சுருண்டு மேலே ஏறும். விஸ்கோஸுக்கும் ஒரு பலவீனம் உண்டு: நனைந்தால் வலு குறையும். அதனால் லைனிங்கின் முதுகு நடுவில் 2 சென்டிமீட்டராவது மடிப்பு விட்டுத் தைக்க வேண்டும். அந்த மடிப்பு இல்லாத கோட்டில், கையை முன்னே நீட்டும்போதெல்லாம் லைனிங் இழுபட்டு, அக்குள் தையலருகே கிழிகிறது. பழுதுக்கு வரும் கோட்டுகளில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இந்தக் கிழிசலைத்தான்.

பாலியஸ்டரின் நல்ல குணங்களையும் சொல்லியாக வேண்டும். வலுவானது, பூச்சி அரிக்காது, சீக்கிரம் காயும், பேன்ட்டின் மடிப்புக் கோடு கலையாது. தனிக் கம்பளி பேன்ட் நாற்காலியில் உராய்ந்து உட்காரும் இடத்தில் சீக்கிரம் நைந்துவிடும். ஆகவே தினசரிச் சீருடைக்கு 55 சதவீதம் பாலியஸ்டர், 45 சதவீதம் கம்பளி நல்ல கலவை. செலவு கட்டுப்படியாகாவிட்டால் 65 பாலியஸ்டர், 35 விஸ்கோஸ். எடை, வெப்பமான இடத்துக்கு 220 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்). குளிர்ந்த இடத்துக்கு 270 முதல் 300. 200-க்குக் கீழே போனால் கோட் சீராகத் தொங்காது, பையின் விளிம்பு வெளியே தெரியும். ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று போகும் சாதா நெசவாக இருந்தால் காற்று போய்வரும். நெருக்கமான சாட்டின் நெசவில் போகாது.

பளபளப்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பாலியஸ்டர் 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைத்தால் நூலின் மேற்புறம் தட்டையாகி மின்னும். பை விளிம்பு, கழுத்துப்பட்டி, தையல் தடித்த இடங்கள் முதலில் மின்னும். அது அழுக்கல்ல, துவைத்தால் போகாது. மேலே ஈரமான பருத்தித் துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியின் இரண்டு புள்ளி அளவில், ஏறத்தாழ 150 டிகிரிக்கு மிகாமல் தேயுங்கள். நெஞ்சுப் பகுதியில் கொப்புளம் கிளம்புவது வேறு கோளாறு. கோட்டின் வடிவம் நிற்பதற்காக உள்ளே பசையால் ஒட்டிய கேன்வாஸ் துணி, வெந்நீரிலோ அதிகச் சூட்டிலோ விட்டுப்போகிறது. துணி துவைக்கத் தக்கது என்பதற்காகக் கோட்டையே இயந்திரத்தில் போடக் கூடாது. பேன்ட்டை உட்புறம் வெளியே திருப்பி 30 டிகிரி நீரில் துவைக்கலாம்.

தீச்சுடர் அருகே வேலை செய்வோருக்குப் பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம். உருகித் தோலில் ஒட்டும். இதில் விலைக்கு இடமில்லை.

விற்பவர் சொல்லை நம்பி வாங்க வேண்டியதில்லை. தையல் உள்மடிப்பிலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, உலோகத் தட்டுக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். பாலியஸ்டர் சுருங்கி, கரும்புகை விட்டு, கெட்டியான மணியாக உறையும். கம்பளி, முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலில் பொடியும். விஸ்கோஸ் காகிதம்போல எரியும். கலவைத் துணியில் இதெல்லாம் கலந்து தெரியுமே தவிர விகிதம் தெரியாது. அதற்குச் சோதனைக்கூடத்தில் இழைகளைக் கரைத்துப் பிரித்து எடைபோட்டுத்தான் சொல்வார்கள். பெரிய ஆர்டருக்கு அந்தச் சான்றைக் கேளுங்கள். வாயருகே துணியைப் பிடித்து ஊதியும் பாருங்கள். மறுபக்கம் வைத்த கையில் காற்று படவில்லையென்றால் அந்தத் துணி வேண்டாம்.

மாதிரிக் கோட்டை மேலதிகாரி ஒருவருக்கு மட்டும் போட்டுப் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். அவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர். அதிகம் நடப்பவர் ஒருவருக்கும், வெளியே போய்வருபவர் ஒருவருக்கும் இரண்டு வாரம் கொடுங்கள். பிறகு அக்குள், உட்காரும் இடம், தொடையின் உட்புறம், நெஞ்சு, பை விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள். தொடையில் சிறு நூலுருண்டைகள் கிளம்பியிருந்தால் துணியை மாற்றச் சொல்லுங்கள். பாலியஸ்டர் இழை வலுவாக இருப்பதால் அந்த உருண்டைகள் தானாக உதிராது, நாளுக்கு நாள் கூடும்.

கோட் ஒன்றுக்கு இரண்டு பேன்ட் சேர்த்து வாங்குங்கள், மூன்றையும் ஒரே துணிச்சுருளிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். பின்னால் தனியாக வாங்கும் பேன்ட் வேறு சாயத் தொகுதியில் வரும், நிறம் ஒத்துப்போகாது. ஒப்புதல் தந்த துணியில் ஒரு சாண் வெட்டி, கலவை, எடை, லைனிங் மூன்றையும் அதில் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு ஆர்டரோடு இணைத்து வையுங்கள். சரக்கு வந்ததும் பகல் வெளிச்சத்தில் அந்தத் துண்டோடு வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கோட் தைக்கும் தொழிலாளர்கள்